பச்சை டிக் எதைச் சோதித்தது?

அன்புள்ள ஐயா,

என் பாஷ் கோப்புகளையும் சில்லறை ஸ்கிரிப்டுகளையும் ஒரு கிட் ரெப்போவில் (மாற்றங்களின் வரலாற்றோடு கோப்புகளைச் சேமிக்கும் இடம்) வைத்திருக்கிறேன். புஷ் செய்யும்போதெல்லாம் கிட்ஹப்பின் தானியங்கிச் சோதனை வசதியான ஆக்ஷன்ஸில் ‘ஃபைண்ட்’ மூலம் .எஸ்எச் கோப்புகளைத் தேடி, ‘-எக்ஸெக் ஷெல்செக் {} \;’ என்று, ஷெல் ஸ்கிரிப்டுகளில் பிழை தேடும் ஷெல்செக்கை ஓட்டுகிறேன். எப்போதும் பச்சை டிக்தான். ஆனால் ‘தைப்பூசம் காவடி’ என்று இடைவெளியோடு பெயர் வைத்த படத்தைக் கொடுத்தால், பேக்கப் ஸ்கிரிப்ட் அப்படியொரு கோப்பே இல்லை என்கிறது. ஷெல்செக் இதைப் பிடிக்க வேண்டாமா?

வாசகர், ரோஸ்ஹில், மொரீஷியஸ்

அன்புள்ள நண்பருக்கு,

கோப்பின் பெயரைத் தாங்கும் மாறியை (வேரியபிள்) இரட்டை மேற்கோளுக்குள் போடாததுதான் கோளாறு. ஷெல்செக்கில் அதற்கு எஸ்சி2086 என்று எண்ணே உண்டு. அந்த எச்சரிக்கை ஆக்ஷன்ஸின் பழைய லாகில் (ஓட்டப் பதிவில்) இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

இருந்தால், குற்றவாளி அந்த ‘\;’. ஷெல்செக் தோற்றாலும் ஃபைண்ட் 0, அதாவது வெற்றி என்றே வெளியேறும். ஆக்ஷன்ஸ் பார்ப்பது அந்த எண்ணை மட்டுமே. ‘\;’ இருக்கும் இடத்தில் ‘+’ போடுங்கள், தோல்வி வெளியே வரும்.

லாகிலும் இல்லையென்றால், அந்த ஸ்கிரிப்டை யாரும் பார்க்கவே இல்லை. ‘பின்’ (bin) டைரக்டரியில் இருக்கும் ஸ்கிரிப்டுகளுக்குப் பெரும்பாலும் .எஸ்எச் வால் கிடையாது. ‘எஸ்எச்எஃப்எம்டி -எஃப் .’ (shfmt என்ற கருவி) ஷெபாங் வரியையும், அதாவது ‘#!’ என்று தொடங்கும் முதல் வரியையும் பார்த்து ஷெல் கோப்புகளின் பட்டியல் தரும். ஆனால் புள்ளியில் தொடங்கும் பெயர்களை அது தொடாது; .பாஷ்ஆர்சி, .புரொஃபைல் இரண்டையும் பெயர் சொல்லியே சேர்க்க வேண்டும். அவற்றில் ஷெபாங் இருக்காது என்பதால் ஷெல்செக்குக்கு ‘-எஸ் பாஷ்’ கொடுங்கள். இசட்எஸ்எச் (zsh என்ற வேறொரு ஷெல்) கோப்புகளை இதில் கலக்காதீர்கள், ஷெல்செக்குக்கு அது தெரியாது. ‘இசட்எஸ்எச் -என்’ இலக்கணப் பிழையை மட்டும் சொல்லும், அவ்வளவே.

எச்சரிக்கைகள் குவிந்தால் எஸ்சி2086-ஐ மொத்தமாக அணைத்துவிடத் தோன்றும். வேண்டாம். பல ஆப்ஷன்களை ஒரே மாறியில் அடைத்திருந்தால் அதை பாஷ் அரேயாக (பல மதிப்புகளைத் தனித்தனியே வைக்கும் மாறி) மாற்றுங்கள். எஸ்சி1091 வேறு ரகம்: சோர்ஸ் செய்த கோப்பைத் தொடர முடியவில்லை என்கிறது, ‘-எக்ஸ்’ கொடுத்துப் பாருங்கள்.

பிறகு மேற்கோள் இல்லாத ஒரு வரியை வேண்டுமென்றே தனிக் கிளையில் எழுதிப் புஷ் செய்யுங்கள். சிவப்பு வராத சோதனையை நான் சோதனையாகவே கணக்கில் வைப்பதில்லை.

வாராந்தரச் சோதனையும் வேண்டுமானால் கிரான் வரி (நேர அட்டவணை) ‘17 2 * * 1’. கிட்ஹப் யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) கணக்கிடுகிறது. மொரீஷியஸில் நமக்கு அது திங்கள் காலை 6.17. மணி தொடங்கும் நிமிடத்தில் கூட்டம் அதிகம், தாமதமாகும்; அதனால்தான் 17. பொது ரெப்போ 60 நாள் அசையாமல் கிடந்தால் இந்த அட்டவணையைக் கிட்ஹப் தானே நிறுத்திவிடும்.