பதிவை இப்போதே முடியுங்கள். அனுப்புவதா என்பதை 26-ஆம் தேதி இரவு பார்க்கலாம்

(ஜனவரி 2021)

கேள்வி: நியூயார்க்கில் குயின்ஸ் பகுதியில் இருக்கிறோம். மகள் பொதுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு. போன மார்ச்சிலிருந்து கொரோனாவால் வீட்டில் திரைமுன்தான் படிப்பு. ஸ்டைவெசன்ட், பிராங்ஸ் சயின்ஸ் போன்ற நகரின் சிறப்பு உயர்நிலைப் பள்ளிகளில் சேர்வதற்கான எஸ்.எச்.எஸ்.ஏ.டி. நுழைவுத் தேர்வை இந்த மாதக் கடைசியில் நேரில் போய்த்தான் எழுத வேண்டுமாம். ஊருக்குத் திரும்ப முடியாமல் மாமியார் எங்களோடு இருக்கிறார். அவருக்குச் சர்க்கரை நோய். மகளை அனுப்பலாமா? பாஸ்டனில் தேர்வையே நிறுத்திவிட்டார்களே, இங்கே மட்டும் ஏன் நடத்துகிறார்கள்? மிச்சமிருக்கும் மூன்று வாரத்தில் எதைப் படிக்கச் சொல்வது?

பதில்: நீங்கள் இரண்டு முடிவுகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள். பதிவு செய்வது ஒன்று, தேர்வுக்குப் போவது வேறொன்று. பதிவுக்குக் கட்டணம் கிடையாது. பதிந்துவிட்டுப் போகாமல் இருந்தாலும் யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை. ஆனால் ஜனவரி 15, வெள்ளிக்கிழமையோடு பதிவு முடிகிறது; அதைத் தவறவிட்டால் அனுப்பலாமா என்ற கேள்விக்கே இடமில்லை. அதனால் நகரத்தின் பள்ளிச் சேர்க்கைத் தளமான மைஸ்கூல்ஸிலோ பள்ளி ஆலோசகர் மூலமாகவோ இன்றே பதிந்துவிடுங்கள்.

அப்புறம் பாஸ்டன் விஷயம். அங்கே தேர்வு வைத்துச் சேர்க்கும் மூன்று பள்ளிகளுக்கும் இந்த ஓராண்டு நுழைவுத் தேர்வு வேண்டாம் என்று அக்டோபரில் பள்ளிக் குழுவே முடிவெடுத்தது. வர்ஜீனியாவில் தாமஸ் ஜெஃபர்சன் பள்ளிக்கான தேர்வையும் அங்குள்ள பள்ளி வாரியம் எடுத்துவிட்டது. நியூயார்க் நகரத்துக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. 1971-இல் மாநிலம் கொண்டுவந்த ஹெக்ட்-கலாண்ட்ரா சட்டம் ஸ்டைவெசன்ட், பிராங்ஸ் சயின்ஸ், புரூக்ளின் டெக் மூன்றுக்கும் தேர்வு வழியாகவே சேர்க்கை என்று கட்டிப்போட்டிருக்கிறது. இதே தேர்வுக்குள் பின்னால் சேர்ந்த மற்ற ஐந்து பள்ளிகளின் சேர்க்கை முறையை நகரமே மாற்றலாம் என்றொரு வாதம் உண்டு, இதுவரை மாற்றவில்லை. டிசம்பர் 18 அன்று மேயர் டி பிளாசியோ நடுநிலைப் பள்ளிகள் மதிப்பெண் போன்றவற்றைப் பார்த்துப் பிள்ளைகளை வடிகட்டிச் சேர்ப்பதை ஓராண்டு நிறுத்தினார். இந்தத் தேர்வை மட்டும் அவரால் தள்ளிப்போடத்தான் முடிந்தது. அக்டோபரில் நடந்திருக்க வேண்டியது ஜனவரி 27-க்கு வந்தது அப்படித்தான்.

ஒரு நல்ல மாற்றம், பொதுப் பள்ளிப் பிள்ளைகள் இந்த முறை அவரவர் பள்ளியிலேயே எழுதுகிறார்கள். வழக்கம்போல ஏதோ ஒரு பெரிய உயர்நிலைப் பள்ளி வாசலில் நூற்றுக்கணக்கானவர்களோடு வரிசையில் நிற்க வேண்டாம். உங்கள் மகளின் பள்ளியில் எத்தனை பேர் எழுதுகிறார்கள், ஓர் அறைக்கு எத்தனை பேர், ஜன்னல் திறக்குமா என்று ஆலோசகரிடம் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். மாமியாருக்கு எவ்வளவு ஆபத்து என்பதை அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும், நான் சொல்லக்கூடாது. அவர் சரி என்றால், தேர்வு முடிந்தபின் ஒரு பத்து நாளைக்குப் பேத்தியும் பாட்டியும் தனித்தனி அறை, தனித்தனிச் சாப்பாடு என்று இருக்க வீட்டில் வசதி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் நான் அனுப்பச் சொல்வேன். மருத்துவர் வேண்டாம் என்றால் அனுப்பாதீர்கள். 26-ஆம் தேதி இரவு மகளுக்குக் காய்ச்சலோ இருமலோ இருந்தாலும் அப்படித்தான்; உடனே ஆலோசகருக்கு எழுதி மாற்றுத் தேதி கேளுங்கள்.

இனி படிப்பு. மூன்று வாரத்தில் புதுப் பாடம் நடத்திக் கரையேற முடியாது. உங்கள் மகளுக்கு இப்போது இல்லாதது, எனக்குத் தெரிந்து, காகிதப் பழக்கம். பத்து மாதமாகத் திரையில் சொடுக்கிப் பழகிய கை, மூன்று மணி நேரம் விடைத்தாளில் பென்சிலால் வட்டம் நிரப்ப வேண்டும், அதுவும் முகக்கவசத்தோடு. நகரக் கல்வித் துறையின் கையேட்டில் முழு மாதிரித் தேர்வுகள் இலவசமாகவே இருக்கின்றன. அச்சிட்டு, சனிக்கிழமை காலையில் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்து, கவசம் போட்டு, 180 நிமிடம் கடிகாரம் வைத்து எழுதச் சொல்லுங்கள். நடுவில் தோசை கொண்டுபோய் நீட்டாதீர்கள். ஆன்லைன் பயிற்சி வகுப்புக்குக் கட்டும் பணத்தைவிட இது பயன்படும் என்பது என் அபிப்பிராயம்.

தெரிந்தவர் வீட்டிலிருந்து பழைய பயிற்சிப் புத்தகம் வந்திருந்தால் அட்டையில் ஆண்டைப் பாருங்கள். 2017-க்கு முந்தையது என்றால் ஓரமாக வைத்துவிடுங்கள். கலைந்த வாக்கியங்களை வரிசைப்படுத்தும் பகுதியெல்லாம் அதோடு போய்விட்டது. இப்போது ஆங்கிலத்தில் 57, கணக்கில் 57 கேள்விகள், கால்குலேட்டர் கிடையாது. எந்தப் பகுதியை முதலில் எழுதுவது என்பது அவள் விருப்பம். ஒவ்வொரு பகுதியிலும் 10 கேள்விகள் வெறும் சோதனைக்காக வைத்தவை, மதிப்பெண் இல்லை. எவை என்று சொல்ல மாட்டார்கள். ஆகவே விசித்திரமான ஒரு கணக்கோடு ஐந்து நிமிடம் மல்லுக்கட்ட வேண்டாம். தவறான விடைக்குக் கழிப்பும் இல்லை, எதையும் காலியாக விடக்கூடாது. கணக்கில் ஐந்து கேள்விகளுக்கு விடையைத் தானே எழுத வேண்டும். எண்ணை மேலே எழுதிவிட்டுக் கீழே வட்டத்தை நிரப்ப மறக்கும் பிள்ளைகள் எல்லா ஆண்டும் இருக்கிறார்கள்.

பெற்றோர் பலருக்குத் தெரியாத ஒன்று, மதிப்பெண் கணக்கிடும் விதம். சரியான விடைகளின் எண்ணிக்கை அப்படியே மதிப்பெண் ஆவதில்லை. நடுப்பகுதியில் ஒரு விடை கூடினால் சில புள்ளிகள்தான் ஏறும். உச்சியை நெருங்கும்போது அதே ஒரு விடை அதைவிட மிக அதிகமாக ஏற்றிவிடும். இரண்டு பகுதிகளையும் கூட்டித்தான் தரவரிசை. அதனால் கணக்கில் ஏற்கெனவே கெட்டிக்காரியாக இருப்பவள், ஆங்கிலம் சுமார் என்று அதிலேயே மூன்று வாரத்தையும் கொட்டுவது நஷ்டம். கணக்கில் விடும் கடைசி நான்கைந்து தவறுகளை ஒழிப்பதுதான் லாபம். இது நியாயமான முறையா என்று கேட்டால் எனக்கே சந்தேகம்தான். ஆனால் இந்த ஆண்டு விதி இதுதான்.

பள்ளிகளின் விருப்ப வரிசையில் தந்திரம் எதுவும் வேண்டாம். அதிக மதிப்பெண் பெற்றவரிலிருந்து தொடங்கி, ஒவ்வொருவருக்கும் அவர் வரிசையில் இடமிருக்கும் முதல் பள்ளி தரப்படும். ‘கிடைக்கக்கூடியது’ என்று நினைத்து ஒன்றை முதலில் போட்டால் அதுவே கிடைத்துவிடும், அதற்கு மேலே போக முடியாது. தேர்ச்சி மதிப்பெண் என்று முன்கூட்டியே எதுவும் கிடையாது. அண்மை ஆண்டுகளில் ஸ்டைவெசன்டுக்கு 550-க்கு மேல் தேவைப்பட்டது. வரிசையை எழுதும் முன் பயணத்தையும் யோசியுங்கள். குயின்ஸின் கிழக்கோரத்திலிருந்து பிராங்ஸ் சயின்ஸுக்கு நான்கு வருடம் தினமும் பேருந்தும் சப்வேயுமாகப் போய்வருவது விளையாட்டில்லை. ஜமைக்காவில் யார்க் கல்லூரி வளாகத்தில் உள்ள குயின்ஸ் அறிவியல் பள்ளியும் இதே தேர்வில்தான் வருகிறது. சின்னப் பள்ளி, பக்கத்திலேயே இருக்கிறது. பெயர் அவ்வளவு பிரபலமில்லை என்பதற்காகத் தள்ளாதீர்கள்.

தேர்வு எழுதாவிட்டாலும், எழுதிக் கிடைக்காவிட்டாலும், மற்ற உயர்நிலைப் பள்ளிகளுக்கான விண்ணப்பத்தை அது தொடாது. ஒன்பதாம் வகுப்பில் இன்னொரு முறை எழுதலாம், ஆனால் அப்போது இருக்கும் இடங்கள் மிகக் குறைவு. அதை நம்பி இந்த முறை விட்டுவிடச் சொல்ல மாட்டேன்; மாமியாரின் மருத்துவர் வேண்டாம் என்று சொன்னால் மட்டும் அந்த வழி இருக்கிறது என்று மகளிடம் சொல்லுங்கள்.