குளிர்கால விடுமுறையில் வீடும் உறவும்: கேள்வி பதில்

விடுமுறை தொடங்கியதிலிருந்து வந்த கேள்விகளில் பாதி ஈரத்தைப் பற்றி, மீதி வீட்டு மனிதர்களைப் பற்றி. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

வெயில் இல்லாததால் துணியை வீட்டுக்குள்ளேயே காயப்போடுகிறோம். பீரோவுக்குப் பின்னால் சுவர் கறுத்துப் பூஞ்சை பிடித்துவிட்டது. பெயிண்ட் அடித்தால் போகுமா அக்கா?

போகாது, பெயிண்டைத் தாண்டி மறுபடி கிளம்பும். சுவரில் குழாய்க் கசிவோ மழைக் கசிவோ இல்லையென்றால், அந்த ஈரம் பெரும்பாலும் உங்கள் கொடியிலிருந்து வந்ததுதான். மெஷினில் ஒரு தடவை போட்டெடுத்த துணி காய்ந்து முடிவதற்குள் ஏறத்தாழ 2 லிட்டர் தண்ணீர் காற்றில் கலந்துவிடும். ஜன்னல் சாத்தியிருந்தால் அது வெளியே போக வழியில்லை. வீட்டில் எந்த இடம் அதிகம் குளிர்ந்திருக்கிறதோ அங்கே போய்ப் படியும். வெளிச்சுவரை ஒட்டி நிற்கும் பீரோவின் முதுகுப் பக்கத்தில் காற்றோட்டமும் கிடையாது. பூஞ்சைக்கு அதைவிட வசதியான இடம் வேண்டுமா!

பீரோவை ஒரு கை அகலத்துக்கு முன்னால் இழுத்துப் போடுங்கள். கொடியை ஒரே அறையில் கட்டி, அந்த அறைக் கதவைச் சாத்திவிட்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள். கறுப்பைக் காய்ந்த துடைப்பத்தால் தேய்த்தால் பூஞ்சை வீடெல்லாம் பறக்கும். மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தெடுங்கள். சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு பெயிண்டைப் பற்றி யோசிக்கலாம். சீக்கிரம் போகட்டும் என்று பிளீச்சையும் ஆசிட்டையும் சேர்த்து ஊற்றிவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், நுரையீரலையே பதம் பார்த்துவிடும்.

ஜன்னலைத் திறந்தாலே மாமனார் சத்தம் போடுகிறார். வயது 78. தினமும் இதே சண்டை.

அவர் பிடிவாதத்துக்காகச் சொல்லவில்லை அம்மா. வயதானால் உடம்பு சூட்டைத் தக்கவைக்கத் திணறும். உங்களுக்கு இதமாக இருக்கும் காற்று அவருக்கு நிஜமாகவே நடுக்கும். குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் பரிந்துரைத்தது. முதியவர்களுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தேவைப்படலாம்.

அவர் குளிக்கப் போகிற நேரத்தில் ஒரு பத்து நிமிடம் எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டுச் சாத்துங்கள். அதற்குள் காற்று மாறிவிடும், சுவர் அவ்வளவாகக் குளிராது. முன்கூட்டியே அவரிடம், "மாமா, நீங்க வர்றதுக்குள்ள சாத்திடறேன்" என்று சொல்லிவிடுங்கள். சொல்லாமல் திறப்பதில்தான் பாதிக் கோபம் இருக்கிறது. அவருக்குப் பேச்சு குழறினாலோ, ஆள் தடுமாறினாலோ, வழக்கத்துக்கு மாறாக மந்தமாக இருந்தாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

இரவில் படுக்கையறையில் கரி அடுப்பு வைத்துக்கொள்ளலாமா?

கூடவே கூடாது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, தலைசுற்றல், குமட்டல் என்று தொடங்கும். தூக்கத்தில் இருப்பவருக்கு அதுவும் தெரியாமல் உயிர் போய்விடும். கனன்று அடங்கிய கரியும் ஆபத்துதான்.

விடுமுறை வந்தால் நாத்தனார் பிள்ளைகளோடு வந்து பத்து நாள் தங்குகிறார். வேலை முழுக்க என் தலையில். கணவரிடம் சொன்னால், "வருஷத்துக்கு ஒரு தடவைதானே வர்றா" என்கிறார்.

நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நாத்தனார் மீது ஒரு குறைகூட அதில் இல்லை. அவர் வந்ததும் உங்கள் கணவரும் விருந்தாளி ஆகிவிடுகிறார், சிக்கல் அங்கேதான். வந்த பிறகு பேசினால் அது "என் தங்கச்சி வந்தது உனக்குப் பிடிக்கல" என்று திரும்பும். அதனால் நாத்தனார் வருவதற்கு ஒரு வாரம் முன்பே கணவரிடம் பேசுங்கள். "கொஞ்சம் உதவி பண்ணுங்க" என்று பொதுவாகச் சொன்னால் எதுவும் நடக்காது. ராத்திரிப் பாத்திரம் கணவருடையது, சாயங்காலம் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போவதும் அவருடையது என்று வேலையைப் பெயர் சொல்லிப் பிரித்துக் கொடுங்கள்.

நாத்தனாரையும் சும்மா உட்கார வைக்காதீர்கள். அது அவருடைய அண்ணன் வீடு என்றாலும் சமையலறை உங்களுடையது, கேட்காமல் நுழையத் தயங்குகிறாரோ என்னவோ. துவைத்த துணிக் குவியலை நடுவில் போட்டு, "வாங்க, பேசிக்கிட்டே மடிக்கலாம்" என்று கூப்பிட்டுப் பாருங்கள்.

பையனுக்கு ராத்திரியானால் உடம்பெல்லாம் அரிப்பு.

வறட்சியாக இருக்கலாம். சூடான தண்ணீரைத் தவிர்த்து, வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரம் குளிப்பாட்டுங்கள். துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் முழுக்கப் போவதற்குள் வாசனையில்லாத கிரீம் தடவுங்கள். விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் பொரிப்பொரியாக இருந்தாலோ, வீட்டில் வேறு யாருக்கும் அரித்தாலோ சிரங்காக இருக்கலாம். டாக்டரிடம் காட்டுங்கள்.

கணவர் போய் ஏழு மாதம். விடுமுறைக்குத் தங்கள் வீட்டுக்கு வரச் சொல்லிப் பிள்ளைகள் இருவரும் பிடிவாதம். எனக்கு என் வீட்டில் இருந்தால் போதும் என்றிருக்கிறது.

உங்கள் வீட்டிலேயே இருங்கள் அம்மா. வெறுமனே "வரல" என்றால் அவர்கள் பயந்துபோவார்கள். தினமும் எத்தனை மணிக்குப் பேசலாம், எந்த நாள் யார் வரலாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். வருகிறவர்கள் அப்பாவின் பேச்சை எடுத்தால் எடுக்கட்டும், உங்களுக்கு அழுகை வந்தால் அழுங்கள். ராத்திரியில் தூக்கமே வராமல், சாப்பிடவும் பிடிக்காமல் நாட்கள் போனால் மட்டும் மறைக்காமல் மகளிடமோ மருத்துவரிடமோ சொல்லுங்கள். விடுமுறை முடிந்த பிறகு போகத் தோன்றினால், அப்போது ஒரு வாரம் போய் இருந்துவிட்டு வரலாம்.