ஊரடங்கா, அவரவர் பொறுப்பா? ஓய்வுபெற்ற பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஒருவரின் கேள்வி பதில்

2020 ஏப்ரல் 20, திங்கட்கிழமை. கொரோனா வைரஸ் (கொவிட்-19) பரவலுக்காகப் போட்டிருந்த ஊரடங்கை நம் திருகோணமலை மாவட்டத்தில் காலை 5 மணி முதல் இரவு 8 மணி வரை தளர்த்தினார்கள். அன்றிலிருந்து எனக்கு ஒரே கேள்வி மழை. வேலையில் இருந்த காலத்தில் இவ்வளவு பேர் என்னைத் தேடி வந்ததில்லை. பி.எச்.ஐ. வருகிறார் என்றால் சாப்பாட்டுக் கடைக்காரர்கள் பின்கதவைத்தான் பார்ப்பார்கள். சரி, வந்த கேள்விகளில் முடிந்தவற்றுக்கு இங்கே எழுதுகிறேன். நான் வைத்தியர் இல்லை. மருந்து, மாத்திரை பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும்.

உவர்மலையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: ஐயா, சுவீடனில் சனத்தைப் பூட்டி வைக்காமல் பொறுப்பை அவர்களிடமே விட்டிருக்கிறார்களாம். நம்மை மட்டும் ஏன் கட்டிப்போட்ட மாடு மாதிரி வைத்திருக்கிறார்கள்?

சேர், இந்த 2020 ஏப்ரலில் சுவீடனிலும் எல்லாம் திறந்து கிடக்கவில்லை. 50 பேருக்கு மேல் கூடத் தடை. முதியோர் இல்லங்களுக்குள் பார்வையாளர்களை விடுவதில்லை. பல்கலைக்கழகப் பிள்ளைகள் வீட்டிலிருந்துதான் படிக்கிறார்கள். அங்கே தனியாள் வீடுகளும் மிக அதிகம். நம் ஊரில் ஒரே கூரையின் கீழ் அம்மம்மா, மகள், மருமகன், மூன்று பேரப்பிள்ளைகள், எல்லோருக்கும் ஒரு மலசலகூடம். அங்கே தனியாள் வீடுகள் இவ்வளவு இருந்தும் இந்த வாரம் வரை சுவீடனில் இறந்தவர்கள் 1,500ஐத் தாண்டிவிட்டார்கள். பக்கத்து நோர்வேயில் 200கூட இல்லை. இரண்டு நாடுகளின் சனத்தொகையும் ஒன்றல்ல, நோர்வேயைப்போல் இரண்டு மடங்கு சுவீடன். அதைக் கழித்துப் பார்த்தாலும் வித்தியாசம் பெரிதுதான்.

தென்கொரியாவைச் சொல்லியிருந்தால் உங்களோடு கொஞ்சம் ஒத்துப்போயிருப்பேன். நாட்டை முழுதாக மூடாமலே அடக்கினார்கள். 2015இல் மேர்ஸ் காய்ச்சலில் சூடுபட்டவர்கள், அதனால் இந்தமுறை பரிசோதனையையும் தொடர்பில் இருந்தவர்களைத் தேடிப் பிடிப்பதையும் முதல் கிழமையிலிருந்தே செய்தார்கள். அங்கே சனம் பொறுப்பாக நடந்தது உண்மைதான், ஆனால் அந்தப் பொறுப்பைத் தாங்கிப் பிடிக்க அரசிடம் ஆளும் கருவியும் இருந்தன.

நீங்கள் கணித ஆசிரியர் என்று நினைவு, அதனால் ஒரு கணக்கு. ஒரு நோயாளி சராசரியாக இரண்டரைப் பேருக்குக் கொடுப்பார் என்று வைப்போம். இந்த 2020 ஏப்ரல் மதிப்பீடுகள் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்தான் நிற்கின்றன. நோய் ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போகும் ஒரு கைமாற்றுக்கு ஐந்து நாள் என்றால் ஐம்பது நாளில் பத்துக் கைமாற்று. பத்தாவதில் மட்டும் ஏறக்குறைய 9,500 பேர். அதே ஆட்கள் தாங்கள் சந்திப்பவர்களைப் பாதியாகக் குறைத்தால் இரண்டரை ஒன்றேகால் ஆகும். அப்போது பத்தாவது கைமாற்றில் 9 பேர். 9,500 எங்கே, 9 எங்கே! பாதி அடக்கத்துக்குப் பாதிப் பலன் என்று சனம் நினைக்கிறது, கணக்கு அப்படிப் போவதில்லை. ஊரடங்கு இந்தப் பாதியைக் கட்டாயப்படுத்தி வாங்குகிறது. கட்டாயம் இல்லாமலும் வாங்கலாம். வாங்கிக் காட்ட வேண்டியது நாம்.

பாலையூற்றிலிருந்து முச்சக்கரவண்டி ஓட்டும் தம்பி: "பொறுப்பாக வீட்டில் இருங்கோ" என்று சொல்கிறவர்கள் எல்லோரும் மாதச் சம்பளக்காரர். நான் ஒரு நாள் ஓடாவிட்டால் அன்றைக்கு அடுப்பு இல்லை. எனக்கு என்ன பொறுப்பு ஐயா?

உண்மையைச் சொல்லிவிட்டீர்கள் தம்பி. எனக்கும் ஓய்வூதியம் வருகிறது, அதனால்தான் வாசலில் உட்கார்ந்து புத்தி சொல்ல முடிகிறது. அரசாங்கம் கொடுத்த 5,000 ரூபா ஒரு குடும்பத்துக்கு எத்தனை நாள் வரும் என்று கிராம சேவகருக்கும் தெரியும். வீட்டில் இருக்கச் சொல்கிறவர்கள் இருப்பவனின் அரிசிக்கும் வழி பார்க்க வேண்டும். அது இல்லாமல் பொறுப்பு, பொறுப்பு என்பது பசித்தவனைப் பார்த்து நோன்பு பிடி என்பது மாதிரி.

ஓடுங்கள், ஆனால் இப்படி ஓடுங்கள். ஒரு ஆள், அல்லது ஒரே வீட்டு ஆட்கள். இரண்டு பக்கப் படங்கையும் சுருட்டிக் கட்டுங்கள், காற்று போகட்டும். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் கைபிடிக் கம்பியைச் சவர்க்காரத் தண்ணீரால் துடையுங்கள். ஒரு அப்பியாசக் கொப்பி வைத்து ஏறியவரின் தொலைபேசி இலக்கம், இறங்கிய இடம், நேரம் இவ்வளவையும் குறித்துக்கொள்ளுங்கள். நாளைக்கு யாருக்காவது தொற்று என்றால் உங்கள் பகுதிப் பி.எச்.ஐ. அந்தக் கொப்பியைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். நான் வேலையில் இருந்தபோது தொடர்பைத் தேடி அலைந்ததில் பாதி நேரம் "யாரோ ஒரு ஆட்டோவில் போனேன்" என்ற ஒரு வரியில்தான் போயிருக்கிறது.

திருக்கடலூரிலிருந்து ஒருவர்: இந்த வெயிலுக்கு வைரஸ் தப்புமா?

தப்பும். எக்குவடோரின் குயாகில் நகரம் நம்மைப்போல் வேர்த்து வழியும் ஊர்தான், அங்கே இந்த ஏப்ரலில் சவப்பெட்டிக்குக்கூடத் தட்டுப்பாடு வந்தது. கொத்தமல்லி பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். குடியுங்கள், இஞ்சி கூடப் போட்டால் நல்ல ருசி. தொண்டைக்கு இதம், அவ்வளவுதான்.

அன்புவழிபுரத்திலிருந்து ஒரு அம்மா: எங்களுக்கு ஊரடங்கு புதிதா தம்பி? சண்டைக்காலத்தில் இதைவிட எவ்வளவோ பார்த்துவிட்டோம். இதற்கு ஏன் இவ்வளவு பயம்?

அம்மா, உங்கள் கேள்வியை இரண்டு நாளாக மனதில் வைத்திருந்தேன். நம் ஊருக்கு ஊரடங்கு பழகின விஷயம், அதுதான் இப்போது தொல்லையாகவும் இருக்கிறது. அந்த நாட்களில் ஊரடங்கு போட்டால் என்ன செய்வோம்? பக்கத்து வீட்டுக்குள் கூடுவோம். ஒரு வீட்டில் அரிசி, மற்ற வீட்டில் பருப்பு, சேர்த்துச் சமைத்து எல்லாப் பிள்ளைகளையும் ஒரே அறையில் படுக்க வைப்போம். ஆபத்து வீதியில் இருந்தது, பாதுகாப்பு ஆட்களோடு சேர்ந்திருப்பதில் இருந்தது. இப்போதும் வீதியில் பொலிஸ் நிற்கிறது. அதைப் பார்த்ததும் நம் உடம்பு பழைய பாடத்தைத்தான் எடுக்கிறது: முன்கதவைச் சாத்திவிட்டுப் பின்வேலியால் பக்கத்து வீட்டுக்குப் போ.

எங்கள் ஒழுங்கையிலேயே பார்த்தேன். ஊரடங்கு நேரம் வீதியில் ஒரு குருவி இல்லை. பின்வளவில் எட்டுப் பேர் வட்டமாக இருந்து தாயம் விளையாடுகிறார்கள். வீதியில் ரோந்து போகிற பொலிசுக்கு அது தெரியவே தெரியாது. அந்தப் பின்வளவுக்குச் சட்டம் வராது அம்மா. அங்கே உங்களைப்போன்ற ஒரு பெரியவர் "எழும்பிப் போங்கோடா" என்று அதட்டினால்தான் உண்டு.

கிண்ணியாவிலிருந்து கடை வைத்திருக்கும் ஒரு நானா: சேர், கடை வாசலில் வாளியும் சவர்க்காரமும் வைத்திருக்கிறேன். வட்டமும் கீறியிருக்கிறேன். இதற்கு மேல் ஒரு கடைக்காரனின் பொறுப்பு என்ன?

முதலில் நன்றி. அடுத்தது, கோபிக்கக் கூடாது, சவர்க்காரத்தைப் பாருங்கள். எங்கள் தொழிலில் இது பழைய பழக்கம். கடை வாசலில் வாளி இருக்கிறதா என்று நான் பார்ப்பதில்லை, சவர்க்காரம் தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பேன். திங்கட்கிழமை சந்தைப் பக்கம் ஒரு கடையில் வலைப்பையில் புதுச் சவர்க்காரம் தொங்கியது. மதியமும் அதில் அச்சடித்த எழுத்து அப்படியே இருந்தது. வட்டங்களுக்குள் பைகளும் ஒரு குடையும் ஒரு சோடிச் செருப்பும் ஒழுங்காக வரிசையில் நின்றன. அவற்றின் சொந்தக்காரர்கள் வேப்பமர நிழலில் தோளோடு தோள் உரசி, கொழும்பில் எத்தனை பேருக்கு வந்திருக்கிறது என்று கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

வெயிலில் ஆளை நிற்க வைத்தால் வட்டம் தோற்கும். ஒரு படங்கைக் கட்டி நிழலை வட்டத்துக்கு மேல் கொண்டுவாருங்கள். சாமான் துண்டை முதலே வாங்கி வைத்து, கட்டிவிட்டுக் கூப்பிடுங்கள்.

2017 உங்களுக்கு மறந்திருக்காது. நாடு முழுக்க 1,86,000 பேருக்குமேல் டெங்கு வந்த வருஷம், மார்ச்சில் கிண்ணியா துடித்துப்போனது. அப்போது உங்கள் பக்கம் ஒரு வீதியில் வேலை செய்தேன். ஒரு வீட்டுக்காரர் தன் வளவைக் கண்ணாடி மாதிரி வைத்திருந்தார், சிரட்டை ஒன்றுகூடக் கவிழாமல் கிடக்காது. அவருடைய மகளுக்குத்தான் காய்ச்சல். தேடிப்போனால், பக்கத்தில் பூட்டிக் கிடந்த வீட்டுச் சீமெந்துத் தொட்டியில் நுளம்புப் புழு நெளிகிறது. வீட்டுக்காரர் வெளிநாட்டில். மதிலேறிக் குதிக்க எனக்கு அதிகாரக் கடிதம் தேவைப்பட்டது. தன் வளவைக் கூட்டினால் போதும் என்பவர்களுக்கு நான் அந்தத் தொட்டியைத்தான் சொல்வேன். பூட்டிய வீட்டைத் திறக்கச் சட்டம் வேண்டும். திறந்த வீட்டில் நாள்தோறும் தொட்டியைத் தேய்க்க வீட்டுக்காரர் வேண்டும்.

அதே ஊரிலிருந்து பெயர் சொல்ல விரும்பாத சகோதரி: காய்ச்சல் வந்தால் சொல்லுங்கள் என்கிறீர்கள். சொன்னால், மௌத்தாகிவிட்டால் (இறந்துவிட்டால்) எங்கள் முறைப்படி அடக்காமல் எரித்துவிடுவார்களே என்று எங்கள் வீட்டில் பெரியவர்கள் பயப்படுகிறார்கள். என்ன சொல்லட்டும்?

தங்கச்சி, இதைத் தவிர்த்துவிட்டுப் போகலாம் என்று ஒரு யோசனை வந்தது. அது நியாயமில்லை. இந்த 2020 ஏப்ரலில் வந்த அரசு வர்த்தமானி, இந்த நோயால் இறந்தவர்களைத் தகனம்தான் செய்ய வேண்டும் என்றது. உலக சுகாதார அமைப்பு மார்ச்சில் விட்ட வழிகாட்டல் அடக்கமும் செய்யலாம், தகனமும் செய்யலாம் என்கிறது. என் அனுபவத்தில், சனம் நோயை மறைப்பது அறியாமையால் அல்ல, சொன்னால் என்ன நடக்கும் என்ற பயத்தால். ஒரு சட்டம் அந்தப் பயத்தைக் கூட்டினால் அது நோய்க்குத்தான் உதவும். இதை மாற்ற வேண்டும் என்பது என் கருத்து, துறைக்குள் இருக்கிற சிலரிடமும் சொல்லிவிட்டேன்.

பெரியவர்களிடம் இப்படிச் சொல்லுங்கள். தொற்றியவர்களில் மிகப் பெரும்பாலானோர் குணமாகி வீடு திரும்புகிறார்கள். 2020 ஏப்ரலின் இந்த வாரம் வரை நாட்டில் ஏறத்தாழ 300 பேருக்குத் தொற்று, இறந்தவர்கள் 7 பேர். நேரத்தோடு சொன்னவருக்கு மூச்சுத்திணறல் வருமுன் கவனிப்புக் கிடைக்கும். மறைத்தவருக்குத்தான் மௌத்து கிட்ட வரும். நோன்பு தொடங்கப்போகிறது, கஞ்சியை இந்தமுறை பள்ளியில் கூடி வாங்காமல் வீட்டுக்கு வீடு கொடுக்க ஏற்பாடு செய்தால் நல்லது.

நிலாவெளியிலிருந்து மீனவர் ஒருவர்: கரைவலை இழுக்க இருபது முப்பது பேர் வேண்டும். இடைவெளி விட்டு எப்படி இழுப்பது?

இழுக்கும்போது காற்று அடிக்கிறது, ஆளுக்கு ஆள் முகம் பார்ப்பதில்லை, அங்கே எனக்குப் பெரிய பயமில்லை. மீன் சேரும் வலை மடி கரையேறின பிறகுதான் பயம். வலையைச் சுற்றிக் குனிந்து நிற்பதும், ஏலம் கூறுகிறவர் உரத்த குரலில் கத்துவதும், வெற்றிலைத் தட்டும் ஒரே தண்ணீர்ப் போத்தலும் கைமாறுவதும். ஏலத்துக்கு வியாபாரிகள் ஐந்து பேரை மட்டும் விடுங்கள். போத்தல் ஆளுக்கொன்று.

நகரிலிருந்து ஒரு மாணவன்: முதலில் முகக்கவசம் தேவையில்லை என்றார்கள், இந்த ஏப்ரலில் கட்டாயம் என்றார்கள். எதை நம்புவது?

இரண்டாவதை. இருமல், காய்ச்சல் தொடங்க ஓரிரு நாள் முன்னமே ஒருவர் மற்றவருக்குக் கொடுக்கலாம் என்று தெரிந்த பிறகு பேச்சு மாறியது. தெரிந்ததும் மாற்றிச் சொல்கிறவர்களைத்தான் நான் நம்புவேன். மூக்கையும் மூடுங்கள், தாடைக்குக் கட்டுவது கவசமில்லை.

ஒரு சட்ட மாணவி: ஊரடங்கை மீறினால் எந்தச் சட்டத்தில் பிடிக்கிறார்கள்?

நல்ல கேள்வி மகள். ஊரடங்கின் சட்ட அடிப்படையைச் சட்டத்தரணிகளே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அவர்களிடம் விடுகிறேன். எங்கள் கையில் இருப்பது 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம். பம்பாயில் பிளேக் பரவிய காலத்துச் சங்கதி. கப்பலில் வந்த நோய்க்காக எழுதியதை விமானத்தில் வந்ததற்குப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். திருத்த வேண்டியது நிறைய. ஒன்று மட்டும் சொல்வேன்: வீதியில் பிடித்தவர்களை ஒரே கூட்டில் நெருக்கி அடைத்து வைத்தால் எந்த நோக்கத்துக்காகப் பிடித்தோமோ அதுவே கெட்டுப்போகும்.

உப்புவெளியிலிருந்து ஒரு அக்கா: அம்மாவுக்கு 78 வயது, நீரிழிவும் உண்டு. தம்பி கொழும்பில் அகப்பட்டுக்கொண்டான். பாதை திறந்ததும் வரத் துடிக்கிறான். வரவேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

நீங்கள் சொல்ல வேண்டாம், நான் சொன்னதாகச் சொல்லுங்கள். அவர் சுகமாகத்தான் இருப்பார், அதுதான் சிக்கல். நோய் உள்ளே வந்தபின் வெளியே தெரிய சராசரியாக ஐந்து நாள், சிலருக்குப் பதினான்கு நாள்வரை. யாழ்ப்பாணத்து அரியாலையில் மார்ச்சில் ஒரு தேவாலய ஆராதனையில் கலந்துகொண்டவர்களைத் தனிமைப்படுத்திப் பரிசோதித்தபோது, ஒரு நோய்க்குறியும் காட்டாமல் இருந்தவர்களிடமும் தொற்று இருந்தது.

அனுமதியோடு வந்தே ஆகவேண்டும் என்றால், வருமுன் கிராம சேவகருக்கும் பி.எச்.ஐ.க்கும் சொல்லிவிட்டு வரட்டும். பதினான்கு நாள் தனி அறை, தனிக் கோப்பை. மலசலகூடம் ஒன்றுதான் என்றால் அவர் கடைசியாகப் பாவித்துக் கழுவிவிட வேண்டும். உங்கள் வீட்டில் அம்மாவின் அறைக்கு ஜன்னல் முற்றத்துப் பக்கம் என்று எழுதியிருந்தீர்கள். மாமரத்தடியில் ஒரு கதிரை போடுங்கள், மகன் அங்கே இருக்கட்டும், அம்மா ஜன்னலில் இருக்கட்டும். அம்மாவுக்குக் காது மந்தமென்றால் தம்பி கொஞ்சம் உரத்துக் கதைக்க வேண்டிவரும், ஒழுங்கை முழுக்க வீட்டுக் கதை கேட்கும். பரவாயில்லை.

பெயர் எழுதாத ஒருவர்: ஊருக்கு இவ்வளவு சொல்கிறீர்களே, நீங்கள் சந்தைக்குப் போனீர்களா?

போனேன். திங்கட்கிழமை, துண்டில் எழுதிக்கொண்டு, இரண்டு கிழமைக்குச் சேர்த்து. நான் வட்டத்துக்குள்தான் நின்றேன். வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால் கறிவேப்பிலை இல்லை. "எல்லாருக்கும் புத்தி சொல்லுங்கோ" என்று மனைவி வேலிப்பக்கம் போனா. பக்கத்து வீட்டம்மா வேலிக்கு மேலால் ஒரு கொப்பை எறிந்தா.