நரி சுடக் கூப்பிடுகிறார்கள், ரைஃபிள் வாங்கலாமா?

தம்பி, வேல்ஸில் ஓர் ஆட்டுப்பண்ணையின் ஓரத்தில் வீடெடுத்து எட்டு மாதம் ஆகிறது, பண்ணைக்காரர் 'ராத்திரி நரி சுடப் போகலாம், நீங்களும் ஒரு ரைஃபிள் வாங்கிவிடுங்கள்' என்கிறார், சட்டம் விடுமா, வாழப்பாடிப் பக்கத்தில் பிறந்த நான் நரியைச் சுடுவது பாவமில்லையா என்று கேட்டிருந்தீர்கள்.

போங்கள். ஆனால் ரைஃபிள் இப்போது வேண்டாம்.

முதலில் சட்டம். இங்கே ரைஃபிள் வைத்திருக்க போலீஸ் தரும் ஃபயர்ஆர்ம் சர்டிஃபிகேட் வேண்டும். குறைந்தது இரண்டு ஆண்டாக உங்களை அறிந்த, இந்த நாட்டில் வசிக்கிற, உறவினர் அல்லாத இரண்டு பேர் உங்களுக்காகப் பேச வேண்டும். எட்டு மாதத்தில் அப்படி யார் இருப்பார்கள்? உங்கள் டாக்டரிடமிருந்தும் தகவல் கேட்பார்கள். அதிகாரி வீட்டுக்கு வந்து, துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் பெட்டி சுவரில் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பார். எந்த நிலத்தில் சுடப்போகிறீர்கள், எதற்கு என்பதற்குச் சரியான காரணம் காட்ட வேண்டும். தற்காப்பு என்று எழுதினால் அங்கேயே முடிந்தது. சாவி இருக்கும் இடம் என் மனைவிக்குக்கூடத் தெரியாது. சர்டிஃபிகேட் இல்லாதவர் கைக்குத் துப்பாக்கி எட்டக் கூடாது என்பது விதி.

அதுவரை ஒரு வழி இருக்கிறது. பண்ணைக்காரர் தன் நிலத்தில், தன் சர்டிஃபிகேட்டில் உள்ள ரைஃபிளை, தான் பக்கத்தில் நின்றுகொண்டு, 17 வயது கடந்த ஒருவரிடம் சுடக் கொடுக்கலாம். உங்களுக்குச் சர்டிஃபிகேட் தேவையில்லை. நானும் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் கற்றேன். அந்த இரண்டு வருடத்தில் குட்டி போடும் காலத்தில் தொழுவத்துக்குப் போய் வைக்கோல் போட்டேன், தாய் ஒதுக்கிய குட்டிக்குப் புட்டியில் பால் கொடுத்தேன். எனக்காகப் பேசிய இருவரும் அந்தத் தொழுவத்தில் பழகியவர்கள்.

அப்புறம் புது ரைஃபிள் கையில் வந்த நாள். நரிக்கு இங்கே பலரும் வைத்திருப்பது .223 அளவு ரைஃபிள். முயலுக்கு வைத்திருக்கும் .22 ரிம்ஃபயர் என்ற சின்னத் தோட்டா ரைஃபிளால் தூரத்து நரியைக் காயப்படுத்தத்தான் முடியும், அதனால் அதை நம்பக் கூடாது. கடையிலிருந்து நேராக வயலுக்குப் போகாதீர்கள். நான் மண்மேட்டுக்கு முன்னால் காகிதம் கட்டி, 100 கஜத்தில், மணல் பைமேல் வைத்துச் சுட்டேன். முதல் மூன்று தோட்டாவும் ஓட்டைமேல் ஓட்டையாக ஒரே இடத்தில்தான் விழுந்தன. ஆனால் மையத்துக்கு நான்கு அங்குலம் கீழே. குறிபார்க்கும் ஸ்கோப்பில் ஒரு கிளிக் திருப்பினால் அந்தத் தூரத்தில் கால் அங்குலம் நகரும். பதினாறு கிளிக் மேலே ஏற்றி, குழல் ஆறும்வரை காத்திருந்து, மறுபடி மூன்று. சூட்டோடு சுட்டால் குழலே பொய் சொல்லும். அன்று ஒரு மத்தியானம் முழுக்கப் போனது. அந்த நான்கு அங்குலத்தோடு ராத்திரி போயிருந்தால் ஒரு உயிர் தாடை உடைந்து புதருக்குள் போய்ச் செத்திருக்கும்.

இரவில் மூன்று விஷயம் மனசில் நிற்கட்டும். குண்டு நரியைத் தாண்டி எங்கே போய் மண்ணில் புதையும் என்று தெரியாமல் விசையைத் தொடாதீர்கள். மேட்டு விளிம்பில் வானத்துக்கு எதிராக நிற்கும் நரியை நான் எத்தனையோ முறை விட்டிருக்கிறேன். தெர்மல் கருவியில் தெரிவது வெப்பம் மட்டும்தான். நாயும், பேட்ஜர் என்ற வளைவாழ் விலங்கும், ஆட்டுக்குட்டியும் அதில் வெள்ளைப் பொட்டு. இன்னதென்று உறுதியாகத் தெரிந்த பிறகே அடுத்தது. பேட்ஜரைத் தொட்டால் 1992 பேட்ஜர் பாதுகாப்புச் சட்டத்தில் குற்றம். போவதற்கு முன் போலீசின் அவசரமல்லாத எண்ணான 101க்கு அழைத்து எந்த நிலம், எத்தனை பேர் என்று சொல்லிவிடுங்கள். துப்பாக்கிச் சத்தம் கேட்டு யாராவது பயந்துபோய் அழைத்தால் போலீசுக்கு விஷயம் தெரிந்திருக்கும்.

இனி பாவமா என்ற உங்கள் கேள்வி. உங்கள் பக்கத்தில் பொங்கல் சமயம் வங்கா நரியைப் பிடித்து ஓடவிட்டு, அதன் முகத்தில் முழித்தால் யோகம் என்பார்கள். வனத்துறை அபராதம் போடும் செய்தியும் வரும். அது பாதுகாக்கப்பட்ட உயிர். இங்கே உள்ள செந்நரிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, தடைக்காலமும் இல்லை. ஆனால் விஷம் வைக்கக் கூடாது, 2023 முதல் வேல்ஸில் கண்ணி வைப்பதும் தடை.

என் தாத்தா சிவகங்கைப் பக்கம் கிடை போட்ட கீதாரி, ஆடு மேய்ப்பவர். ராத்திரியில் குட்டிகளை மூங்கில் கூண்டால் மூடி, நாயைப் பக்கத்தில் படுக்கவைப்பார். நரி வந்தால் தீப்பந்தம். குட்டி போன காலையில் தாய் ஆடு கத்துவதை நான் கேட்டிருக்கிறேன். அதனால் பண்ணைக்காரரின் கோபம் எனக்குப் புரியும். ஆனாலும் காணாமல்போன ஒவ்வொரு குட்டியும் நரி தின்றதல்ல. குளிரில் செத்த குட்டியையும் இளங்கொடியையும் நரி இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு எல்லாப் பழியும் அதன் தலையில் போடுவோம்.

ஒரு ஏப்ரலில் நான் சுட்டது பெண் நரி. அருகே போய்த் திருப்பிப் பார்த்தபோது வயிற்று முடி உதிர்ந்து, காம்புகள் ஈரமாக இருந்தன. எங்கோ வளையில் குட்டிகள். அடுத்த இரண்டு நாளும் வேலைக்கு விடுப்பு சொல்லிவிட்டு வேலியோரம், பாறைச் சரிவு எல்லாம் தேடினோம். இரண்டாம் நாள் சாயங்காலம் முட்புதருக்கு அடியில் வளை கிடைத்தது. நான்கு குட்டி. அவற்றைப் பட்டினியில் சாக விடாமல் முடித்தது பண்ணைக்காரர். என்னால் முடியவில்லை. அதற்குப் பிறகு அந்த மாதங்களில், தொழுவத்துக்கே வந்து குட்டி தூக்குகிற நரி என்று கண்ணால் பார்த்தால் தவிர நான் சுடுவதில்லை. அவரும் ஒத்துக்கொண்டார். பாவமா என்று கேட்டீர்கள். அந்த நான்கு குட்டி விஷயத்தில் ஆமாம் என்றுதான் சொல்வேன். ஆட்டைக் காக்க, ஒரே தோட்டாவில், வலி தெரியாமல் போன மற்றவற்றுக்கு நான் அப்படி நினைக்கவில்லை.

இந்த வாரம் அவரோடு போங்கள். தடித்த காலுறை போடுங்கள், டார்ச் அவர் சொல்லும்போது மட்டும் அடியுங்கள். வழியில் திறக்கிற கேட்டை உடனே மூடிவிடுங்கள், ஆடு வெளியேறினால் அவர் இன்னொரு முறை கூப்பிட மாட்டார். சுடச் சொன்னாலும் முதல் ராத்திரி வேண்டாம் என்று சொல்லலாம், அவர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். பெட்டி வாங்கும் காலம் வரும்போது எழுதுங்கள், சுவரில் எந்த போல்ட் என்று சொல்கிறேன்.