ஊதா தக்காளி விதை கைக்கு வந்திருக்கிறது, போடலாமா?

கேள்வி: ஆனேக்கல் பக்கம் அரை ஏக்கரில் தக்காளி போடுகிறேன். அமெரிக்காவிலிருந்து வந்த மைத்துனர் ஒரு பாக்கெட் ஊதா தக்காளி விதை கொடுத்தார். சதை வரை ஊதாவாம், செடிகளில் இயல்பாக இருக்கும் ஃபிளேவனாய்டு என்ற பொருள் அதிகமாம். பெங்களூரு அபார்ட்மெண்ட்காரர்கள் கேட்ட விலை கொடுப்பார்கள் என்கிறார். போடலாமா ஐயா?

பதில்: போடாதீர்கள். பாக்கெட்டைப் பிரிக்கவே வேண்டாம்.

சதையும் ஊதா என்றால், அது ஸ்னாப்டிராகன் பூவின் இரண்டு மரபணுக்களைச் சேர்த்த ரகமாகத்தான் இருக்கும். பக்கவாட்டில் அமுக்கினால் வாயைத் திறக்குமே, அந்தப் பூ. டெலைலா, ரோசியா1 என்று அந்த மரபணுக்களுக்குப் பெயர். அவை தாமே நிறத்தைச் செய்வதில்லை. ஊதா தரும் ஆந்தோசயனினும் ஒரு ஃபிளேவனாய்டுதான். அதைச் செய்யும் வழி தக்காளியிலேயே இருக்கிறது. நாற்றங்காலில் தண்டின் அடி ஊதாவாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பழத்தில் மட்டும் அது அணைந்து கிடக்கிறது. பூவின் மரபணு சுவிட்சைப் போடுகிறது, அவ்வளவுதான். இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் மையத்தினர் 2008-ல் இதைச் செய்து காட்டினார்கள். அமெரிக்காவில் 2024 முதல் வீட்டுத் தோட்டத்துக்கு விதை விற்கிறார்கள்.

அங்கே சட்டப்படி சரி, இங்கே இல்லை. மரபணு மாற்றிய பயிர்களில் நம் விவசாயிகள் வணிகரீதியாகச் சாகுபடி செய்ய அனுமதி உள்ளது பருத்திக்கு மட்டும்தான். அனுமதியில்லாமல் போட்டால் 1986-ம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டுவீர்கள். அதைவிட எனக்குப் பெரிய பயம் வைரஸ். தக்காளிக்கு விதை வழியாகவே வரும் நோய்கள் உண்டு. சோதிக்காத ஒரு பாக்கெட் உங்கள் வயலோடு பக்கத்து வயலையும் கெடுத்துவிடும். விதையை எரித்துவிடுங்கள். குப்பையில் போட்டால் முளைத்துத் தொலைக்கும்.

ஊதாதான் வேண்டும் என்றால் வேறு வழி இருக்கிறது. காட்டுத் தக்காளியோடு சாதாரணக் கலப்பு செய்து ஒரிகான் மாநிலப் பல்கலைக்கழகம் வெளியிட்ட 'இண்டிகோ ரோஸ்' மாதிரி ரகங்களில் தோல் மட்டும் ஊதா. உரிமம் உள்ள விதைக் கடையில் கிடைத்தால் பில்லோடு வாங்கி, 20 செடி வைத்துப் பாருங்கள். மீதி நிலத்தில் ஹெசரகட்டா ஆராய்ச்சி நிலையத்தின் அர்கா ரக்ஷக் தக்காளி இருக்கட்டும், சோறு போடுவது அதுதான்.

தோல் மட்டும் ஊதாவாகும் ரகங்களில் நிறத்தைக் கொண்டுவருவது வெயில். காம்பை ஒட்டிய பச்சை இதழைத் தூக்கினால் அதன் நிழல் விழுந்த இடம் மட்டும் நட்சத்திரம்போல் வெளுத்திருக்கும். அதனால் குச்சி நட்டுக் கட்டுங்கள், பக்கக் கிளைகளைக் கிள்ளுங்கள். யூரியாவை அள்ளிப் போட்டால் இலை மண்டிக் காய் மறைந்துவிடும், நிறமும் போச்சு.

அபார்ட்மெண்டில் விற்கும்போது 'புற்றுநோய் வராது' என்று அட்டை வைக்காதீர்கள். ஆய்வில் ஆயுள் கூடியது புற்றுநோய் எளிதில் வரும் எலிகளுக்குத்தான், அதுவும் அந்தப் பூ மரபணுத் தக்காளியைக் கொடுத்து.

அப்புறம், பறிக்கும் பக்குவம். காயிலேயே மேல்பக்கம் கறுத்துவிடும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். கவிழ்த்துப் பாருங்கள், அடிப்பக்கத்துப் பச்சை போய்ச் சிவந்திருந்தால் பறிக்கலாம்.