ஸ்டீயரிங் ரேக்கில் 'டக் டக்' சத்தம்: புஷ் மட்டும் மாற்றினால் போதுமா?

கேள்வி: என் கார் 2010 மாடல் ஆல்டோ, பவர் ஸ்டீயரிங். 80,000 கி.மீ. ஓடியிருக்கிறது. குண்டும் குழியுமான ரோட்டில் மெதுவாகப் போனால் முன்னால் இடப்பக்கம் 'டக் டக்' என்று சத்தம் வருகிறது. ஸ்டீயரிங் பிடித்த கையிலும் தெரிகிறது. ஒரு பட்டறையில் ரேக் அசெம்பிளியையே மாற்றச் சொல்கிறார்கள். இன்னொருவர் "ரேக்கை டைட் வைத்தால் போதும்" என்கிறார். புஷ் மட்டும் வாங்கி வீட்டிலேயே மாற்ற முடியுமா? (சேலம் வாசகர்)

பதில்: முடியும். ஸ்பேனர் பிடித்துப் பழகிய கைக்கு அரை நாள் வேலை. ஆனால் டைட் வைக்க மட்டும் வண்டியைக் கொடுத்துவிடாதீர்கள்.

ரேக் என்பது ஓர் உலோகக் குழாய்க்குள் இடமும் வலமும் ஓடி முன்சக்கரங்களைத் திருப்பும், பல் வைத்த தண்டு. ஸ்டீயரிங் வலப்பக்கம் இருப்பதால் வலது முனையில் பினியன் பல்சக்கரம் அதைப் பிடித்திருக்கிறது. இடது முனையைத் தாங்குவது குழாயின் வாய்க்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு பிளாஸ்டிக் வளையம். அதுதான் ரேக் புஷ். அது தேய்ந்துவிட்டால் தண்டு குழாய்க்குள் மேலும் கீழும் அடிக்கும். டைட் வைக்கும் ஸ்க்ரூ இருப்பதோ வலது முனையில். அதைத் திருகினால் தண்டு பல்சக்கரத்தோடு இன்னும் அழுந்தும், அவ்வளவுதான். இடது முனையின் ஆட்டம் அப்படியே இருக்கும். நடுவில்தான் பல் அதிகம் தேய்ந்திருக்கும் என்பதால், நடுவுக்குச் சரியாக டைட் வைத்த ரேக் முழுக்க ஒடிக்கும்போது பிடித்துக்கொள்ளும். வளைவு முடிந்தபின் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராது. சத்தத்தை அமுக்குவதற்காக உயிரோடு விளையாடும் வேலை இது.

முதலில் சத்தம் புஷ்ஷுடையதுதானா என்று பாருங்கள். வண்டியை நிறுத்தி, இடது ரப்பர் பூட்டின் (தண்டின் முனையை மூடியிருக்கும் மடிப்பு உறை) மேலேயே தண்டைக் கையால் இறுகப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். குழாய்க்குள் தண்டு ஆடி 'டக்' என்றால் புஷ்தான். ஆடவில்லை என்றால் டை ராட் எண்ட் (ரேக்கிலிருந்து வரும் கம்பியைச் சக்கரத்தோடு இணைக்கும் வெளி மூட்டு), ஸ்டெபிலைசர் புஷ், லோயர் ஆர்ம் பால் ஜாயின்ட் ஆகியவற்றைப் பாருங்கள். அவற்றின் சத்தமும் ஏறக்குறைய இதே போலத்தான் இருக்கும்.

புஷ்ஷின் விலை சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும், அசெம்பிளி பல ஆயிரம். தேய்கிற பொருளைத் தனியாக விற்காமல் அசெம்பிளியாகவே தள்ளும் வழக்கத்துக்கு நியாயமே கிடையாது. உதிரிபாகக் கடைகளில் கேட்டால் கிடைக்கும். லேத்தில் கடைந்த நைலான் புஷ்ஷை மட்டும் வாங்காதீர்கள். அசல் புஷ்ஷில் ஒரு பிளவும், வெளிச்சுற்றில் ரப்பர் வளையங்களும் இருக்கும். தண்டை இதமாகக் கவ்வ வைப்பது அவைதான். கடைந்த புஷ் ஒன்று இறுகும், அல்லது ஒரு மாதத்தில் மறுபடி ஆடும். கூடவே ஒரு பூட், அதன் கிளிப்புகள், டை ராட் எண்டுக்கு ஒரு ஸ்பிளிட் பின் (நட் கழலாமல் தடுக்கும் ஊசி), ரேக் எண்டுக்கு (தண்டின் நுனியில் திருகியிருக்கும் உள் மூட்டு) ஒரு லாக் வாஷர், கொஞ்சம் லித்தியம் கிரீஸ் வாங்கிக்கொள்ளுங்கள்.

சமதரையில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் கை வைக்கவே கூடாது. இடது சக்கரத்தைக் கழற்றியதும், டை ராட் எண்டின் லாக் நட் இருக்கும் இடத்தில் பெயின்டால் கோடு போடுங்கள். ஸ்பிளிட் பின்னை உருவி, நட்டைக் கழற்றி, புல்லர் போட்டு எண்டை விடுவியுங்கள். சுத்தியலால் மரையின் தலையில் அடித்தால் மரை நசுங்கி எண்ட் வீணாகும். எண்டைத் திருகி எடுக்கும்போது எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிவையுங்கள்.

பிறகு பூட்டை உருவி, லாக் வாஷரின் மடிப்பை நிமிர்த்தி, ரேக் எண்டைக் கழற்ற வேண்டும். இங்கேதான் பலரும் கெடுக்கிறார்கள். தண்டை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டுதான் ரேக் எண்டைத் திருக வேண்டும். பிடிக்காமல் திருகினால் அந்த முறுக்கு முழுவதும் பினியன் பல்லில் இறங்கும். புஷ்ஷைப் பிடித்திருக்கும் சர்க்ளிப் (வளையக் கிளிப்) இருந்தால் எடுத்துவிட்டு, முனை வளைத்த மெல்லிய கொக்கியால் பழைய புஷ்ஷை வெளியே இழுங்கள். அது எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது என்று முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

புதியதைப் போடுமுன் தண்டைத் துணியால் துடைத்து நகத்தால் வருடிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் சரி. நகம் தட்டுகிற அளவுக்குத் துருக்குழி இருந்தால் அது புதுப் புஷ்ஷை அரம் போல அராவிவிடும். கிழிந்த பூட்டோடு ரொம்ப நாள் மழையில் ஓடிய வண்டிகளில்தான் இது வரும். அப்போது மட்டும் ரேக்கை மாற்றச் சொல்வது நியாயம். ஆனால் காய்ந்து பழுப்பேறிய கிரீஸைக் காட்டி "துரு ஏறிடுச்சு சார்" என்று சொல்லி ஆயிரக்கணக்கில் பில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மண்ணெண்ணெய் நனைத்த துணியில் கறை போய்விட்டால் அது துரு இல்லை. புஷ் ஓடும் பகுதியில் குழி இருந்தால்தான் கவலை. ரேக் எண்ட் மாட்டும் நுனியில் லேசான துரு இருந்தால் ஒன்றும் ஆகாது. பட்டறையில் வேலை கொடுத்தால், பக்கத்தில் நின்று நீங்களே நகம் வைத்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

புஷ்ஷின் உட்பக்கமும் தண்டும் மெல்லிய கிரீஸ் பூச்சு கேட்கும். பூட்டுக்குள் அள்ளி அடைக்க வேண்டாம். புஷ்ஷைப் பழையது பார்த்த பக்கமே உட்கார வைத்து, புது லாக் வாஷரோடு ரேக் எண்டை, தண்டைப் பிடித்துக்கொண்டே இறுக்கி, வாஷரை மடித்து, பூட்டை முறுக்கில்லாமல் மாட்டி, டை ராட் எண்டை எழுதிவைத்த அதே சுற்றுக்குத் திருகுங்கள். புது ஸ்பிளிட் பின் கட்டாயம். சக்கரம் தரையில் படுமுன் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடித்துப் பாருங்கள். எங்கேயும் பிடிக்கக் கூடாது.

டை ராட் எண்ட் ஒரு சுற்று தவறினாலே நீளம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் மாறி டயரை ஒரு பக்கமாகத் தின்றுவிடும். அதனால் அன்றைக்கே மெதுவாக ஓட்டிப் போய் வீல் அலைன்மென்ட் பாருங்கள். அங்கே "கேம்பர் அவுட்" (சக்கரத்தின் மேல்-கீழ் சாய்வு சரியில்லை) என்று கூடுதலாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். இந்த வேலையில் டோ (சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும்தான் மாறியிருக்கும்.