ஒருவரையொருவர் தாங்க வேண்டும் என்றால் சபையில் எல்லாவற்றையும் பொறுத்துப்போக வேண்டுமா?

கேள்வி கேட்டவரின் மனக்குறை இது: பூ வைத்தால் குற்றம், நகை போட்டால் குற்றம், பக்கத்து வீட்டுக் கோயில் நோம்பிச் சாப்பாட்டைத் தொட்டால் விசுவாசமே இல்லை என்று சபையில் சிலர் பேசுகிறார்கள். இவர்களையும் தாங்கத்தான் வேண்டுமா?

தாங்கத்தான் வேண்டும் என்பேன். தாங்கக் கூடாத ஒன்றும் உண்டு, அதற்கு அப்புறம் வருகிறேன்.

நாங்கள் திருப்பூர். எங்கள் சபையில் பனியன் கம்பெனி வேலைக்காக நெல்லை, தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்த குடும்பங்கள் நிறைய. அவர்களுக்குப் பாமாலைப் புத்தகத்துப் பழைய பாட்டு இல்லாவிட்டால் ஆராதனை முடிந்த மாதிரியே இருக்காது. இந்தப் பக்கத்து ஊர்களில் முதல் தலைமுறையாக விசுவாசத்துக்கு வந்தவர்களுக்குக் கைதட்டிப் பாடினால்தான் மனசு நிறையும். பெந்தெகொஸ்தே குடும்பத்திலிருந்து வந்த மருமகள் குண்டுமணித் தங்கம்கூடப் போடமாட்டார். மாமியார் தலை நிறையப் பூவோடு வருவார்.

ரோமாபுரிச் சபையிலும் இப்படித்தான் இருந்தது. கிலவுதியு ராயன் யூதர்களை ரோமை விட்டு வெளியேற்றினான். பிற்பாடு அவர்கள் திரும்பி வந்தபோது சபை பெரும்பாலும் யூதரல்லாத புறஜாதியார் கையில் இருந்தது, உரசல் அங்கே தொடங்கியது என்று வேத அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். ஒருவர் இறைச்சி சாப்பிடுவார், இன்னொருவர் காய்கறி மட்டும். அந்தச் சபைக்கு எழுதிய நிருபத்தில், ரோமர் 14-இல், அப்போஸ்தலர் பவுல் இரண்டு பக்கமும் பேசுகிறார்: சாப்பிடுகிறவன் மற்றவனை அற்பமாக எண்ணக் கூடாது, சாப்பிடாதவன் மற்றவனைக் குற்றவாளியாகத் தீர்க்கக் கூடாது. இதில் நம் ஆட்கள் கவனிக்காத ஒன்று, கட்டுப்பாடு அதிகம் வைத்திருப்பவரைத்தான் அவர் விசுவாசத்தில் பலவீனமானவர் என்கிறார். விட்டுக்கொடுக்கும் பொறுப்பை மற்றவர்மேல் வைக்கிறார்.

எங்கள் வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன். மாரியம்மன் நோம்பிக்குப் பக்கத்து வீட்டு அம்மா தூக்குப்போசியில் கிடாக்கறி கொண்டுவந்து, "சூடு ஆறதுக்குள்ள சாப்புடுங்க கண்ணு" என்று கொடுத்துவிட்டுப் போவார். அம்மா சந்தோஷமாக வாங்கிக்கொள்வார், நாங்களும் சாப்பிடுவோம். ஆனால் அன்றைக்கு வீட்டில் ஜெபக்கூட்டம் என்றால் போசி உள்ளே போய்விடும், வருகிறவர்களுக்குத் தக்காளிச் சோறுதான். ஏனென்றால் கூட்டத்துக்கு வரும் ஒரு அக்கா சாமியாடுகிற குடும்பத்தில் பிறந்தவர். படையல் கறியின் வாசம் வந்தாலே அவருக்குப் பழைய பயமெல்லாம் கிளம்பிவிடும். கொரிந்தியருக்குப் பவுல் எழுதியதும் இப்படிப்பட்டவர்களின் மனச்சாட்சியைப் பற்றித்தான். நாங்கள் சாப்பிடுவது அந்த அக்காவுக்கும் தெரியும். ஒரு நாளும் கேட்டதில்லை. தன் மகனுக்குக் காய்ச்சல் என்றால் முதலில் அம்மாவுக்குத்தான் போன் போட்டு ஜெபிக்கச் சொல்வார்.

இன்னொன்றும் சொல்ல ஆசை. சபைகள் ஒன்றாக வேண்டும் என்று 1919-இல் தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சு, 1947 செப்டம்பர் 27-இல்தான் தென்னிந்தியத் திருச்சபையாக முடிந்தது. பேராயர் இல்லாமல் ஊழியம் செய்யவே முடியாது என்று நம்பிய ஆங்கிலிக்கன்களும், பேராயரே வேண்டாம் என்று இருந்தவர்களும் ஒன்றானார்கள். கோவை, ஈரோட்டு லண்டன் மிஷன் சபைகளும் கரூர், தாராபுரத்து மெதடிஸ்ட் சபைகளும் அப்படித்தான் ஒரே திருச்சபைக்குள் வந்தன. பேராயர் கைவைத்து அபிஷேகம் பெறாத போதகர்களை மறுபடி அபிஷேகம் பெறச் சொல்லவில்லை, இருந்தபடியே ஏற்றுக்கொண்டார்கள். பூவுக்கும் நகைக்கும் சண்டை பிடிக்கிற நமக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்!

சரி, தாங்கக் கூடாதது எது? எனக்குத் தெரிந்த ஒரு கிராமத்துச் சபையில், ஐக்கிய விருந்துக்கு ஒரு தெருக்காரர்கள் சமைத்தால் இன்னொரு தெருக்காரர்கள் "வயிறு சரியில்லைங்க" என்று நழுவிவிடுவார்கள். சாதிதான் காரணம், எல்லோருக்கும் தெரியும். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து யூத விசுவாசிகள் வந்ததும் அவர்களுக்குப் பயந்து விலகிக்கொண்டார். காய்கறிக்காரர்களிடம் அவ்வளவு பொறுமை காட்டச் சொன்ன அதே பவுல், இங்கே எல்லோர் முன்னிலையிலும் பேதுருவை முகத்துக்கு நேராகக் கண்டித்தார்.

ஆகவே உங்கள் பூவைக் குறை சொல்கிறவரிடம் சபை நடுவே வாதாட வேண்டாம். தனியாகப் போய், "அக்கா, நீங்க சொன்னது எனக்குக் கஷ்டமா இருந்துச்சுங்க" என்று சொல்லுங்கள். மத்தேயு 18 சொல்லும் வழியும் அதுதான். பூவை நீங்கள் வைத்துக்கொள்ளலாம். ஆனால் சாதி பார்த்து ஒருவர் இலையிலிருந்து இன்னொருவர் எழுந்தால் ஆயர் வரட்டும் என்று காத்திருக்காமல், அந்த இடத்திலேயே கேளுங்கள்.